ஒரு நகரம், பல நிறங்கள்
பழைய புகைப்படங்களின் ஸ்கேன் பிரதிகள் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை?

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய திருவனந்தபுரம் இன்று கம்ப்யூட்டர் திரையில் பல நிறங்களில் வலம் வருகிறது. பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் ஒரு பிரதியில் தேன் நிறம், இன்னொன்றில் சாம்பல், மற்றொன்றில் வெறும் கறுப்பு வெள்ளை. எது நிஜம்?

பழி முழுவதையும் ஸ்கேனர் மீது போட முடியாது. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரர் ஜக்கரியாஸ் டி'குரூஸ் எடுத்த காட்சிகளின் ஆல்பம் ஒன்று, வைஸ்ராய் கர்சனின் சேகரிப்போடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மூலப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தால் காலம் ஏற்றிய பழுப்பும் சேர்ந்தே வரும். 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள்கள் நாளாக ஆக மஞ்சளாகிவிடும். புத்தகத்தில் அச்சான படமோ நுண்புள்ளிகளின் கூட்டம். அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதும்போது திரையில் அலையலையாகக் கோடுகள் ஓடும்.

வண்ணப் படங்களின் நிலை இன்னும் பரிதாபம். கரமனை அக்ரஹாரத்து வீடு ஒன்றில் 1970களின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி இளஞ்சிவப்பாகியிருக்கலாம். வண்ணப் படம் மூன்று சாயங்களால் ஆனது. அன்றைய தாள்கள் பலவற்றில் சயான் எனும் பச்சை கலந்த நீலச் சாயம், இருட்டில் பூட்டி வைத்தாலும் முதலில் வெளிறும். மிஞ்சுவது சிவப்பு. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் ஊரில் பூஞ்சணமும் தன் பங்கைக் கேட்கும்.

இதற்கு மேல்தான் ஸ்கேனரின் கைவரிசை. 'கிரே' என்று தேர்ந்தெடுத்தால் பழுப்பு மறையும். 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் இயந்திரமே நிறத்தை ஊகிக்கும். 300 டிபிஐ-யில் தெரியாத முகம் 600-ல் தெளியலாம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் தொலையும். வாட்ஸ்அப்பில் நான்கு கை மாறினால் கேட்கவே வேண்டாம்.

ஆபத்து நிறத்தில் இல்லை. 'ஸ்கேன் பண்ணியாச்சே' என்று ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்தான். திருத்தாத பிரதி ஒன்றை டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். திருத்தங்களை நகலில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வண்ண அளவு அட்டையை வைத்து ஸ்கேன் செய்தால், பின்னால் வருபவர்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க வழி இருக்கும். நெகடிவ் கிடைத்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். தாத்தாவின் படம் அதுவரை இருக்க வேண்டுமே!