உங்களுக்குத் தெரியுமா? – சிரிக்கவைத்து உள்ளே இழுக்கும் நாவல்கள்

ஆவடியில் திருவள்ளூர் லோக்கலைப் பிடித்தால் பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி வருவது திருநின்றவூர். கையில் காசில்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, விமானம் எழுப்பி, குளம் வெட்டி, சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அதே நாளைப் பூசலாரும் குறித்திருந்தார். சிவன் மன்னன் கனவில் வந்து தேதியைத் தள்ளிப்போடச் சொன்னார். மன்னன் அந்தக் கோயிலைத் தேடி வந்தபோது, ஊராருக்கு அப்படியொரு கோயிலே தெரியவில்லை! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியது இது. கனவும் நனவும் கலக்கும் நாவல்கள் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பக்கத்து ஊர்க் கதையைத்தான்.

◆

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில், கடவுள் பிராட்வே முனையில் வந்து நிற்கிறார். பிள்ளையோடு காப்பி குடிக்கிறார், அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், திருவல்லிக்கேணி வீட்டில் தங்குகிறார். வரம் கொடுக்கத் தெரிந்தவருக்கு மனிதரோடு வாழத் தெரியவில்லை. முதலில் சிரிப்பு வரும். பிள்ளையின் குழந்தையோடு கடவுள் விளையாடும் இடத்தில் மனசு இளகிவிடும்.

◆

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது 1981இல். ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5 அன்று 39 வயதில் இறந்தார் என்று அது தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு உண்மை, விபத்து உண்மை, ஜேம்ஸ் மட்டும் கற்பனை!

◆

இனி என் உயிருக்கு நெருக்கமான புத்தகம். நகுலனின் 'வாக்குமூலம்', 1992.

வாழ்ந்தது போதும் என்று நினைக்கும் முதியவர்களின் வாழ்வை அரசே முடித்துவைக்க ஒரு சட்டம் வருகிறது. அதற்காக நவீனன் என்ற எழுத்தாளர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பதுதான் நாவல். ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவதைப் போல மரணத்துக்கு மனு! தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் சிரிப்பும் கலக்கமும் சட்டென்று புரியும். சாகக் காரணம் எழுத உட்கார்ந்தவர் நண்பர்களையும் படித்த புத்தகங்களையும் நினைக்க ஆரம்பித்துவிடுகிறார். 'நான் யார்' என்ற கேள்வியைச் சாமியார்களிடம் விட்டுவிடாமல் அரசாங்கத் தாளில் கேட்டுப் பார்த்தது நகுலனின் மேதைமை.

நகுலனின் இயற்பெயர் டி.கே. துரைசாமி. 1921இல் கும்பகோணத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, அங்கே மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 2007இல் மறைந்தார். 'நினைவுப் பாதை', 'நாய்கள்' எல்லாவற்றிலும் நவீனனை எழுப்பிக்கொண்டே இருந்தார். சுசீலா என்றொரு பெண்ணும் வருவாள். அவள் நிஜமா, நினைப்பா? கடைசி வரை பிடிபடாது. பிடிபடவும் வேண்டாம்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: கதையைத் துரத்தாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் வயதான உறவினரின் பேச்சைக் கேட்பதைப் போலக் கேளுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வார், நடுவில் நிறுத்துவார். ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் நேரத்துக்குப் பத்துப் பக்கம் போதும். அம்பத்தூர் தாண்டும்போது மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாலும் நஷ்டமில்லை, அதுவும் வாசிப்புதான்.

◆

சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி'யில் (1998), ஓரிரு அத்தியாயங்கள் நீங்கலாக, கூட்டினால் ஒன்பது வரும் எண்களுக்கு மட்டுமே இடம். அதனால் 'ஒரு' என்ற சொல்லுக்கே தடை. 'ஒரு' இல்லாமல் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நாவலில் வன்முறையும் காமமும் கடுமையாக உண்டு, பெரியவர்களுக்கான புத்தகம்.

◆

சம்பத் எழுதிய ஒரே நாவல் 'இடைவெளி'. அதன் நாயகன் தினகரன், சாவு என்றால் என்ன என்று விடாமல் யோசிக்கிறான்; அது ஓர் இடைவெளி என்று கண்டடைகிறான். நாவல் நூலாக வந்த 1984ஆம் ஆண்டிலேயே சம்பத் காலமானார். மெலிந்த புத்தகம்தான். படித்த பிறகு பல நாள் கூடவே வந்தது.

◆

இந்தப் புத்தகங்கள் கடையில் கிடைக்கவில்லையா? இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று, 1896இல் திறந்தது. ஆவடியிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து ஒரு பஸ். எழுத்தாளர் பெயரில் தேடும்போது 'நகுலன்', 'துரைசாமி' இரண்டையும் பாருங்கள்.