ஆற்றில் குளிக்கும் பட்டு!

பட்டுத் துணியை யாராவது ஓடும் ஆற்றில் போட்டு அலசுவார்களா?

நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் பதறிப் போவார்கள். ஆனால் ஜப்பானில் உள்ள கனசவா நகரில் இது பல காலமாக நடந்து வந்த வேலை. அப்படி அலசினால்தான் அந்தப் பட்டில் எழுதிய ஓவியம் முழுமையாகத் தெரியும்!

அந்தப் பட்டுக்கு 'காகா யூசென்' என்று பெயர். காகா என்பது அந்தச் சீமையின் பழைய பெயர். யூசென் என்பது ஒரு மனிதரின் பெயர்.

விசிறிக்காரர் காட்டிய வழி

மியசாகி யூசென்சாய் என்பவர் கியோட்டோ நகரில் விசிறிகளில் படம் எழுதி வந்தார். 1680-ம் ஆண்டுகளில் அவருடைய விசிறி என்றால் மக்களுக்கு ஒரே மோகம்.

1683-ல் ஜப்பானிய அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பொன் இழை, பூ வேலை முதலிய ஆடம்பரங்கள் உடையில் கூடாது என்றது அந்தச் சட்டம். வசதியுள்ள பெண்கள் என்ன செய்வார்கள்? அழகாகவும் உடுத்த வேண்டும். சட்டத்தையும் மீறக் கூடாது.

விசிறியில் எழுதும் படத்தைத் துணியில் எழுதினால் என்ன? படத்துக்குத் தடை இல்லையே! யூசென்சாயின் சித்திரங்கள் பட்டுத் துணிக்கு மாறின. 1688-ல் அவர் பெயரிலேயே ஒரு மாதிரிப் படப் புத்தகமும் வெளிவந்தது. அவர் முதுமையில் கனசவாவுக்கு வந்து, 1736-ல் அங்கேயே காலமானார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

பட்டின் மேல் வரப்பு

பட்டில் சாயத்தை வைத்தால், செய்தித்தாளில் விழுந்த மைத்துளி போல அது பரவிவிடும். அதைத் தடுப்பது எப்படி?

முதலில் ஒரு நீலப் பூவின் சாற்றால் மெல்லிய கோடு போட்டுப் படம் வரைகிறார்கள். தண்ணீர் பட்டால் இந்தக் கோடு மறைந்துவிடும். கோட்டின் மேல் பசை அரிசியில் செய்த பசையை இழுக்கிறார்கள். கடலை மடிக்கும் பொட்டலம் போன்ற ஒரு காகிதக் கூம்பு. அதன் நுனியில் சிறு துளை. கூம்பை அமுக்கினால் பசை நூல் போல வரும்.

வயலுக்கு வரப்பு எப்படியோ, சாயத்துக்கு இந்தப் பசைக் கோடு அப்படி. ஒரு நிறம் வரப்பைத் தாண்டி அடுத்த நிறத்தோடு கலக்காது. வரப்புக்குள் தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு தீட்டிய படத்தைப் பசையால் மூடிவிட்டு, சுற்றியுள்ள துணிக்கு அகலத் தூரிகையால் சாயம் பூசுகிறார்கள். இட்லி வேக வைப்பது போலத் துணியை ஆவியில் வைத்ததும் சாயம் பட்டில் பிடித்துக்கொள்கிறது.

கடைசியாக ஆற்றுக் குளியல். சுமார் 12 மீட்டர் நீளமுள்ள பட்டு, அசானோ ஆற்றின் குளிர்ந்த நீரில் பாம்பு போல நெளியும். பசை கரைந்து ஓடும். வரப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும். மயிரிழை போன்ற அந்தக் கோடுதான் யூசென் பட்டின் அடையாளம்!

பூச்சி அரித்த இலை

கனசவா, கடலும் மலையும் அருகே உள்ள ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். அந்த ஊர்க் கலைஞர்கள் தம்மைச் சுற்றியுள்ள மரம், செடி, பூக்களையே பட்டில் எழுதுகிறார்கள். கண்ட இலையைக் கண்டபடியே எழுதுகிறார்கள். பூச்சி அரித்த ஓட்டையைக்கூட விடுவதில்லை! நீலம், கருஞ்சிவப்பு, காவி, பச்சை, ஊதா ஆகிய ஐந்தும் இவர்களுடைய முக்கிய நிறங்கள். கியோட்டோவில் பட்டுக்குப் பொன் தகடும் பூ வேலையும் சேர்ப்பதுண்டு. காகா கலைஞர்கள் பெரும்பாலும் அவற்றைச் சேர்ப்பதில்லை. சாயம் ஒன்றையே நம்புகிறார்கள்.

இந்த ஊரைச் சேர்ந்த கிமுரா ஊசான் என்னும் கலைஞரை 1955-ல் ஜப்பானிய அரசாங்கம் 'வாழும் தேசியச் செல்வம்' என்று கௌரவித்தது.

புதிய சோதனை

அன்று வந்தது சட்டத்தின் தடை. இன்று வந்திருப்பது வேறு சோதனை. ஜப்பானியப் பெண்கள் 'கிமோனோ' என்னும் நீண்ட உடையைத் தினமும் உடுத்துவதில்லை. திருமணம், திருவிழா என்றால்தான் அது பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. கையால் எழுதிய கிமோனோவின் விலையும் அதிகம். ஆறும் மாறிவிட்டது. கியோட்டோவின் கமோ ஆற்றில் பட்டு அலசுவது, தண்ணீர் கெடும் என்பதால் நின்றுபோயிற்று. கனசவாவிலும் பெரும்பாலான பட்டு இன்று தொழிற்கூடத்துக்குள் ஓடும் செயற்கை ஓடையில்தான் குளிக்கிறது.

கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. அதே தூரிகையால் 'ஸ்கார்ப்' என்னும் கழுத்துத் துண்டிலும், ஆண்களின் 'டை'யிலும் எழுதுகிறார்கள். ஊருக்கு வரும் விருந்தினர்கள் கைக்குட்டையில் தாங்களே வண்ணம் தீட்டிப் பார்க்கவும் இடம் உண்டு.

துணி சிறிதாகிவிட்டது. ஆனால் கழுத்தைச் சுற்றும் ஒரு முழப் பட்டிலும் கனசவாவின் இலை இருக்கிறது. அந்த இலையில் பூச்சி அரித்த ஓட்டையும் இருக்கிறது. தடை வந்தபோது விசிறியிலிருந்து உடைக்குத் தாவிய கலை, இன்று உடையிலிருந்து கழுத்துத் துண்டுக்குத் தாவியிருக்கிறது!