பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா?

லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் டிசிபிஎம்எஸ்எஸ் என்ற பெயரோடு இரண்டு நிரல் கோப்புகள் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. பெரிய எழுத்தில் இருப்பது டிசிபி துண்டின் உச்ச அளவை மாற்றும். சின்ன எழுத்தில் இருப்பது அந்த அளவைப் பார்த்துச் சொல்வதோடு சரி. லினக்ஸில் இதனால் தொல்லை எதுவும் இல்லை. விண்டோஸில் இறக்கினால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

யுனிக்ஸ் மரபில் கோப்புப் பெயர் வெறும் பைட் வரிசை. சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதுவும் வரலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை வேறு கட்சி: வைத்த பெயரை அப்படியே எழுதிக்கொள்ளும், தேடும்போது மட்டும் எழுத்துப் பேதம் பார்க்காது.

லினக்ஸ் கோப்பு முறைமையை இந்தப் பழக்கத்துக்கு மாற்றுபவர்கள் முதலில் கைவைப்பது பெயர்களை ஒப்பிடும் ஃபங்ஷனில். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் போச்சு. பெரிய டைரக்டரியில் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருக்காது. பெயரிலிருந்து ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அதற்குரிய பிளாக்குக்கு நேரே போகும். பெரிய எழுத்துக்கு ஒரு ஹாஷ், சின்ன எழுத்துக்கு வேறு ஹாஷ். தேடல் தப்பான பிளாக்கில் போய் நின்றால், பாடுபட்டுத் திருத்திய ஃபங்ஷனுக்கு வேலையே வராது. வேடிக்கை என்னவென்றால், ஒரே பிளாக்கில் அடங்கும் டைரக்டரியை இஎக்ஸ்டி4 வரிசையாகவே தேடும். நாலைந்து கோப்பை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் இருக்கிற கோப்பை ‘இல்லை’ என்று சொல்லும். எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஹாஷ் போட வேண்டும். கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் இதே விதிதான்.

ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதும் லேசில்லை. ஆங்கிலத்துக்கு 32ஐக் கழித்தால் போதும்: ஆஸ்கியில் சின்ன ஏ 97, பெரிய ஏ 65. துருக்கி மொழியில் புள்ளி வைத்த ஐ ஒன்று, வைக்காத ஐ ஒன்று; இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து. கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவுசெய்தால், ஒரே டிஸ்க் ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் என்டிஎஃப்எஸ், ஃபார்மட் செய்யும்போதே 65,536 குறியீடுகளுக்கான 128 கிலோபைட் அட்டவணையை டிஸ்கில் எழுதிவிடுகிறது. துருக்கியருக்கு இது குறைதான். இருந்தாலும் சரியான முடிவு.

தமிழில் பெரிய எழுத்து கிடையாதே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைட் பார்க்கும் லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்பு. 2019இல் லினக்ஸ் 5.2 இஎக்ஸ்டி4க்குத் தந்த பேதம் பாராத தேடல் இவற்றையும் ஒன்றாகவே கொள்ளும். ஆனால் காலி டைரக்டரியில்தான் அதை இயக்க முடியும். உள்ளே ஏற்கெனவே இரண்டு ‘கொடி’ இருந்தால், அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லித் திறக்க வழியே இருக்காது.