சந்தேகம் போதும்

"பிள்ளைக்குக் காதோரம் கன்றிக் கிடக்கு. சொல்லிட்டு, அப்புறம் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா அப்பா அம்மா முகத்துல எப்படிங்க முழிக்கிறது?" ஜொகூரில் தாஸ்கா (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) நடத்தும் அக்காமார் தேதாரிக் குடித்தபடி கேட்பது இதைத்தான். நியாயமான பயம். ஆனால் சட்டம் உங்களிடம் கேட்பது தகவல்; சாட்சியத்தைத் தேடுவது மற்றவர்கள் வேலை. மலேசியாவின் 2001 சிறார் சட்டப்படி மருத்துவர், குடும்பத்தார், பிள்ளை பராமரிப்பவர் ஆகியோர் பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலே சமூகநலத் துறையிடம் தெரிவித்தாக வேண்டும். தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999க்கு அழைத்தாலும் போதும்.

காதோரம் என்றதும் எனக்கும் உறுத்துகிறது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முட்டியிலும் நெற்றியிலும் அடிபடும். காது, கழுத்து, வயிற்றில் கன்றுவது அபூர்வம். தவழவே தொடங்காத சிசுவுக்கு எங்கே கன்றியிருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மருத்துவமனையில் குழந்தை மருத்துவரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். இப்படியொரு குழு கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் 1985இலேயே தொடங்கியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையென்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்பார்கள். யாரும் சொல்லாத பழைய எலும்பு முறிவு அதில் தெரிந்துவிடும். குழு 1985இலேயே இருந்தும் சட்டம் வரத்தான் தாமதம். 1990இல் நம் இனத்துப் பச்சைப்பிள்ளை ஒன்று அடிபட்டுச் செத்து, நாடே கொதித்த பிறகுதான் 1991 சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிள்ளையை உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். நாலு வயதுப் பிள்ளை, பெரியவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே சொல்லிவிடும். அது தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி தனி அறையில் கேட்டு வீடியோவில் பதிவு செய்வார். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும்.

"பிள்ளையைப் பிடுங்கிடுவாங்களே?" நலத்துறை அதிகாரி பிள்ளையைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு மட்டும் முதலில் சிகிச்சை. பிறகு முடிவெடுப்பது நீதிமன்றம். பெற்றோரிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, அதிகாரியின் கண்காணிப்பில் பிள்ளையை வீட்டுக்கே அனுப்பலாம். தகுந்த ஒருவர் பொறுப்பில் விடலாம். அது சரிப்படாது என்றால் காப்பகம்.