கேட்டால் ஐந்து நிமிஷம்

1981-ஆம் ஆண்டு மழைக்காலம். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது. கசாரா - இகத்புரி மலைப்பாதையில் வேலை. முப்பத்தேழு அடிக்கு ஓரடி ஏறும் சரிவு. ஒரு வளைவில் எந்தத் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும் என்று குறித்து வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரியவில்லை; கேட்க வெட்கம். உள்பக்கத் தண்டவாளத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டேன்.

கேங்மேன்கள் ஜாக்கி வைக்கும் சமயம் அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வளைவில் ஓடும் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படும், அதனால் வெளித் தண்டவாளம்தான் உயர்ந்திருக்க வேண்டும் என்று விளக்கினார். பொன்மலைக்காரர். பிறகு சொன்னார்: "தம்பி, நீ கேட்டால் எனக்கு ஐந்து நிமிஷம் போகும். கேட்காவிட்டால் வண்டியே போகும்."

2024 ஜூனில் இந்த வார்த்தை மறுபடி நினைவுக்கு வந்தது. எங்கள் கீழ்வீட்டுப் பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. 'சம்மர் ஆஃப் கோட்' என்ற திட்டத்தில் தேர்வாகியிருந்தான். கூகுள் நிறுவனம் 2005-இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் சேரலாம். மூலநிரலை யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருள் ஒன்றில் சில மாதங்கள் வேலை செய்ய வேண்டும். உதவித்தொகை உண்டு. ஒவ்வொருவருக்கும் அந்த மென்பொருளை நன்கறிந்த ஒரு வழிகாட்டி உண்டு. அவர்களில் பலர் சொந்த வேலை முடிந்த பிறகு, ஆர்வத்தால் இதைச் செய்பவர்கள்.

பையன் முகம் வாடியிருந்தது. "மாமா, நான் அனுப்பிய திருத்தம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. பத்து நாளாக அவருக்கு எழுதவேயில்லை. விலகிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றான். இடைக்கால மதிப்பீட்டுக்கு மூன்று வாரமே இருந்தது. அதில் தவறினால் அத்தோடு சரி.

கணிப்பொறி எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் அந்த வெட்கம் தெரியும். மலைப்பாதைக் கதையைச் சொன்னேன். "என்ன செய்து பார்த்தாய், எங்கே நின்றுவிட்டது, என்ன பிழைச்செய்தி வந்தது, இந்த மூன்றையும் எழுது. 'புரியவில்லை' என்று மட்டும் எழுதாதே" என்றேன்.

அன்றிரவே எழுதினான். ஜெர்மனியிலிருந்த வழிகாட்டி மறுநாளே பதில் போட்டார். பையன் பின்பற்றிய செய்முறைக் குறிப்பிலேயே ஒரு வரி பழையதாகிப் போயிருந்ததாம்! "முதலில் அதையே நீ திருத்தி அனுப்பு" என்றாராம். அவன் வேலையில் முதலில் ஏற்கப்பட்டது அந்த ஒரு வரிதான். அடுத்து வருபவன் அங்கே தடுக்கி விழமாட்டான் அல்லவா? மதிப்பீட்டிலும் தேறினான். இப்போது புதிதாக வருபவர்களின் கேள்விகளுக்கு அவனே பதில் எழுதுகிறான்.

நல்ல வழிகாட்டி வேலையைத் தானே முடித்துக் கொடுப்பதில்லை; காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். திருத்தம் திரும்பி வருவது அவமானமல்ல. பாதையைப் பரிசோதிக்காமல் வண்டி விடுவோமா? 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் லினக்ஸைப் பற்றி முதன்முதலாக அறிவித்தபோதே, மற்றவர்களின் கருத்தைக் கேட்டுத்தான் எழுதினார்.

நம் வீடுகளில், "எவ்வளவு மார்க்?" என்று கேட்கிறோம். "இன்று யாரிடம் என்ன கேட்டாய்?" என்றும் கேட்டுப் பாருங்களேன். அதற்கும் ஐந்து நிமிஷம்தான் ஆகும்.