தறி எதனால் நின்றது?

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானாக நின்றுவிட வேண்டும். பழுது பார்த்து முடித்ததும் மேஸ்திரி ஓடுகிற தறியில் வேண்டுமென்றே ஊடையை அறுத்துவிட்டுப் பார்ப்பார். நின்றால் மட்டும் போதாது அவருக்கு; எதனால் நின்றது என்றும் தெரிய வேண்டும். கரண்ட் போனாலும்தான் தறி நிற்கும்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எடை பூஜ்யமாகவோ மைனஸிலோ வந்தால் புரோகிராம் பில் போடாமல், 'எடை தவறு' என்று கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்குப் பெயர் எக்ஸெப்ஷன். சரியான நேரத்தில் கத்துகிறதா என்று சின்னத் துண்டுகளாகச் சோதிப்பது யூனிட் டெஸ்ட்.

இது அலட்சியமாக விடும் விஷயமில்லை. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சுமார் 40 விநாடியில் சிதறியது. 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. எழுந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்க அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தப் பகுதி ஏரியான் 4-லிருந்து அப்படியே வந்தது. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு டெஸ்ட் எழுதினான். எடை மைனஸ் அரை கிலோ. ஏதாவது எக்ஸெப்ஷன் வந்தால் பாஸ். பச்சை விளக்கு எரிந்தது. எடையைச் சரிபார்க்கும் வரியையே நீக்கிவிட்டு ஓட்டச் சொன்னேன். அப்போதும் பச்சைதான்! டெஸ்டில் விலைப்பட்டியலை ஏற்ற மறந்திருந்தான். இல்லாத விலையைத் தேடிப்போய் புரோகிராம் வேறெதற்கோ கத்தியிருக்கிறது. கரண்ட் போய் நின்ற தறிதான்.

ஜாவாவில் யூனிட் டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் 4-ன் 'எக்ஸ்பெக்டட்' முறையில் இந்த ஆபத்து கூடுதல். எக்ஸெப்ஷன் டெஸ்டின் எந்த வரியிலிருந்து கிளம்பினாலும், வகை பொருந்தினால் பாஸ் போட்டுவிடும். பின்னால் வந்த 'அசர்ட்த்ரோஸ்' நாம் சுட்டும் வரியை மட்டும் பார்க்கும். வந்த எக்ஸெப்ஷனைக் கையிலும் கொடுக்கும். செய்தியில் 'எடை' என்ற சொல் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிடலாம். எனக்கு இதுதான் பிடித்தம்.

கத்திய பிறகு என்ன ஆனது என்றும் நான் ஒரு வரி சேர்ப்பேன்: ஸ்டாக் குறையக் கூடாது, பில் நம்பர் நகரக் கூடாது. 412-க்கு அடுத்து 414 வந்தால் கடைக்காரர் எக்ஸெப்ஷனைப் பற்றியா கேட்பார்? 413-க்கு உண்டான காசு எங்கே என்றுதான் கேட்பார்.