மேடையினின்று எழுதுகோலுக்கு: டி. பி. இராஜலக்ஷ்மி அம்மையார்

பிறர் எழுதிக் கொடுத்த மொழியை அழகுறப் பேசுதல் ஒரு கலை. தன் உள்ளத்து எழுந்த மொழியைத் தானே எழுதி உலகின் முன் வைத்தல் மற்றொரு கலை. முன்னதற்குக் குரலும் மெய்ப்பாடும் நினைவாற்றலும் வேண்டும். பின்னதற்கு இவற்றினும் மேலாகத் துணிவு வேண்டும். இவ்விரு கலைகளையும் ஒரு வாழ்விலேயே பயின்ற பெண்மணிகள் எந்நாட்டிலும் சிலரே. அத்தகையோருள் ஒருவராகிய டி. பி. இராஜலக்ஷ்மி அம்மையாரைத் தமிழுலகம் முதற் பேசும் படத்தின் கதாநாயகி என்ற அளவிலே அறியும். அவர் நாவல் இயற்றியவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அக்குறையை ஒருவாறு நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அம்மையார் 1911-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் நாள் திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரியார் கிராமக் கணக்கர். சிறுமியர்க்கு மணம் செய்வித்தல் வழக்கமாயிருந்த காலம் அது. விளையாட்டுப் பருவம் நீங்கு முன்னரே அம்மையார்க்கும் மணம் முடிக்கப்பெற்றது. அம்மணம் நிலைக்கவில்லை; சிறுமி பிறந்தகம் மீண்டார். பின்னர்த் தந்தையாரும் காலமாகவே, தாயும் மகளும் பிழைக்கும் வழி நாடித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றனர். நிலமும் பொருளும் துணையும் இல்லாத அக்குழந்தைக்கு இருந்த செல்வம் குரல் ஒன்றே. அக்குரலைக் கொண்டு சாமண்ணா என்பாரின் நாடகக் குழுவில் இடம் பெற்றார். நாடகத் தலைமையாசிரியரெனத் தமிழர் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவும் அவர்க்குக் கிட்டியது. பெண் மேடையேறுதலை, அதிலும் அந்தணர் குலத்துப் பெண் மேடையேறுதலை, ஊரார் பெரும் இழிவாகக் கருதிய நாட்கள் அவை. பசியும் பழியும் எதிர் எதிரே நின்றபோது, பழியை ஏற்றுப் பசியை வென்றார் என்றே கூறல் வேண்டும்.

நாடக மேடை நடிகைக்கு யாது கற்பித்தது என்பதைச் சிறிது ஆராய்வோம். வராகநதியின் பாங்கர் உள்ள ஜெயமங்கலம் முதலிய நம் பக்கத்து ஊர்களில், திருவிழாக் காலத்தில் வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறக் கண்டோர் ஒன்றை நன்கு அறிவர். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் அவ்வகை ஆட்டத்தில், வள்ளியாக வருபவர் ஓர் ஊரினர். வேலனாக வருபவர் மற்றோர் ஊரினர். இருவரும் முன்னர் ஒத்திகை பார்ப்பதில்லை. பாட்டுக்கள் சுவாமிகள் போன்ற ஆசிரியர் அருளியவை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நிகழும் தர்க்கம் நடிப்போர் அந்நேரத்தில் தாமே தொடுப்பது. வேலன் மடக்கிக் கேட்பான். வள்ளி அதனினும் மடக்கி விடை பகர்தல் வேண்டும். விடை தடுமாறின் சபை நகைக்கும். இங்ஙனம் மேடையே நடிகைக்குச் சொல்லாட்சியையும் பிறர் மனம் அறியும் திறத்தையும் பயிற்றும் பள்ளியாக இருந்தது. ஏட்டில் எழுதா விடினும் அவள் அப்பொழுதே ஓர் ஆசிரியைதான். ஆயினும் விடிந்ததும் அச்சொற்கள் காற்றோடு போயின. அவற்றைக் காகிதத்தில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், அதுவே எழுத்தின் தொடக்கம் என்பது நம் கருத்து.

மேடையிற் புகழ் பெற்ற அம்மையார் ஊமைப் படங்களிலும் நடித்தார். 1931-இல் பம்பாயில் எச். எம். ரெட்டி அவர்கள் இயக்கிய ‘காளிதாஸ்’ என்ற படத்தில் கதாநாயகியானார். அது அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியாயிற்று. தமிழ் பேசிய முதற் படம் எனப்படும் அதில் கதாநாயகன் தெலுங்கில் உரையாட, அம்மையார் தமிழில் விடை கூறினார். இராட்டையைப் போற்றும் தேசியப் பாட்டையும் பாடினார். கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்கள் பங்கு கொண்டு 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ படத்தில் வள்ளியாக நடித்துப் பெருவெற்றி கண்டார். ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் அவரை வந்தடைந்தது.

இத்துணைச் சிறப்பெய்தியவர் அதனோடு அமைந்திருக்கலாம், அமையவில்லை. ‘கமலவல்லி’ என்னும் நாவலை எழுதினார். பின்னர் ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற நிறுவனத்தைத் தாமே அமைத்து, அக்கதையை ‘மிஸ் கமலா’ என்ற பெயரால் 1936-இல் படமாக்கினார். கதை அவருடையது, இயக்கம் அவருடையது, கதாநாயகி வேடமும் அவருடையதே. தென்னாட்டில் திரைப்படம் இயக்கிய முதற் பெண்மணி அவரே. அடுத்து 1939-இல் ‘மதுரை வீரன்’ என்ற படத்தையும் இயக்கினார்.

அந்நாவல் எடுத்துக்கொண்ட பொருள் யாது? ஒருவனிடத்தில் அன்பு வைத்த பெண்ணைப் பெற்றோர் மற்றொருவனுக்கு மணம் செய்வித்தால் அவள் கதி யாதாகும் என்பதே. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சாவித்திரி, நளாயினி முதலிய கதைகளைத் தமிழ் மேடை ஓயாது ஆடிய காலம் அது. ஆடியவர் பெண்ணாயினும் ஆக்கியவர் ஆடவரே. குழந்தைப் பருவத்திலே மணத்தின் பெயரால் துயருற்ற ஒருத்தி, பிறர் வகுத்த பதிவிரதைகளின் மொழியையே வாழ்நாள் முழுதும் ஒப்பித்துக் கொண்டிராமல், “பெண்ணின் உள்ளத்தைக் கேட்டீரோ?” என்ற வினாவைத் தன் எழுத்தால் எழுப்பியது சிறு செயலன்று.

பிற நாடுகளிலும் இத்தகையோர் உளர். அமெரிக்காவில் 1862-இல் பிறந்த எலிசபெத் ராபின்ஸ் என்பார் இலண்டன் சென்று, இப்ஸனுடைய நாடகங்களில் நடித்துப் புகழ் பெற்றார். நடித்துக்கொண்டே எழுத்தையும் மேற்கொண்டார். தொடக்கத்தில் சி. இ. ரைமண்ட் என்ற புனைபெயரில் மறைந்தே எழுதினார். 1907-இல் பெண்டிர் வாக்குரிமை பற்றி நாடகமும் நாவலும் தம் பெயராலேயே வெளியிட்டார். கல்கத்தாவில் நடிகையாகத் திகழ்ந்த பினோதினி தாஸி அம்மையார், மேடையை விட்டுப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1912-இல் தம் வரலாற்றை வங்க மொழியில் எழுதினார். மூவர்க்கும் மொழி வேறு, குலம் வேறு, வேட்கை ஒன்றே. நம் அம்மையார் மேடையும் திரையும் தம்மைப் போற்றிக் கொண்டிருந்த நாளிலேயே எழுதினார். இது அவர்க்குரிய சிறப்பாகும்.

அம்மையார் 1964-ஆம் ஆண்டில் காலமானார். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ ஆகிய படங்களின் பிரதிகள் இன்று இல்லை. இலட்சம் பேர் கண்டு களித்த உருவமும் கேட்டு மகிழ்ந்த குரலும் அப்படச்சுருள்களோடு மறைந்தன. படச்சுருள் ஒருமுறை அழிந்தால் அழிந்ததே. எழுத்தின் இயல்பு வேறு. ஒரு பிரதி எஞ்சினும் அதனின்று ஆயிரம் பிரதி அச்சிடலாம். ஆயினும் படிப்பாரற்ற நூலும் அழிந்த நூலே ஆகும். முதற் கதாநாயகி என்ற பட்டத்தை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துரைத்து, அவர் எழுதியதைத் தேடாதிருப்பின், அவரை மீண்டும் பிறர் மொழி பேசும் நடிகையாகவே நாம் நிறுத்தியவர் ஆவோம்.

எசமானன் தந்த தாலந்தை நிலத்தில் புதைத்த ஊழியனின் உவமையை நாம் அறிவோம். ஒரு தாலந்தைப் பெற்றவர் அதனை இரண்டாகப் பெருக்கிய வரலாறு இது. கல்லூரி விழா நாடகத்தில் வேடம் புனைந்து கைத்தட்டல் பெறும் நம் சகோதரிகள், அடுத்த ஆண்டு நாடகத்தைத் தாமே எழுத முன்வருவார்களாக. ஊர்த் திருவிழாவில் வள்ளியின் விடைகளைக் கேட்டு மகிழும் நம் சகோதரர்கள், விடிந்தபின் அவ்வம்மையை வேறு கண்ணால் நோக்காது, சொல்லை ஆளும் ஒருவராக மதிப்பார்களாக. அம்மையாரது நினைவுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை இதுவேயாம்.